பீற்றூட் நிறப் படிக்கட்டு

கொட்டாஞ்சேனை,
வியாழன் இரவு.

அன்புள்ள நேசமலர் மாமிக்கு,

இதை வாசித்தவுடன் கிழித்துவிடுங்கள். மாமாவுக்கும் காட்டவேண்டாம், கஜீவன் அத்தானுக்கும் காட்டவேண்டாம். அப்பாவுக்குத் தெரிந்தால் மிச்சப் படிகளை என்னைக்கொண்டுதான் தேய்ப்பிப்பார். போனில் அனுப்பினால் பிடிபடும். அதனால் என்னோடு படிக்கும், உங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஸமீமாவின் புத்தகப் பையில் இது வருகிறது.

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நாங்கள் சுகமில்லை. கோபத்தில் எழுத்துக் கோணினால் மன்னியுங்கள்.

நேற்று நீங்கள் போனில் அம்மாவை ஏசியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். நாங்கள் குடியிருக்கும் உங்கள் சீதன வீட்டுப் படிக்கட்டை ஊர் சிரிக்கிற நிறத்தில் அம்மா அடிப்பித்துவிட்டதாகச் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெண்வீட்டாருக்கு மாடியைக் காட்ட வரும்போது அவர்களுக்கு முன்னாலேயே கேட்பேன் என்றீர்கள். அம்மா போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா. முதுகு குலுங்கியது. அம்மா அப்படி அழுது நான் கண்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தானின் கலியாணப் பதிவு எழுத்தை எங்கள் மாடி ஹோலில் வைப்பதென்றும், எண்பது பேருக்கு அம்மா சமைப்பதென்றும் போன மாதம் நீங்கள் தீர்மானித்தீர்களே, அன்றைக்குத் தொடங்கியது இது. படிக்கட்டைப் புதுசாக்கப் போகிறேன் என்று அப்பா எழும்பினார். பக்கத்து வீட்டு றெஜி அங்கிள் தனக்குத் தெரிந்த மரவேலைப் பாஸ் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார். "பாங்கில நாப்பது பேரை மேய்க்கிறன், ஒரு மரத்தை மேய்க்க ஏலாதோ?" என்று கேட்டுவிட்டு அப்பா யூடியூப்பைப் போட்டார். கைப்பிடியைத் தாங்கும் குட்டித் தூண்கள் முழுவதையும் கழற்றினார். ஒவ்வொன்றிலும் பென்சிலால் இலக்கம் போடுங்கோ என்றேன். எல்லாம் ஒரே அச்சு, நீ போய்ப் படி என்றார். ஒரே அச்சு இல்லை மாமி, படி தேய்ந்ததற்கு ஏற்ப ஒவ்வொன்றின் அடியும் ஒவ்வொரு சரிவில் சீவியிருந்தது, இப்போது எதுவும் எதற்குள்ளும் இறங்காது, எல்லாம் பொங்கல் கரும்பு மாதிரி சோபாவில் சாத்திக் கிடக்க நாங்கள் நிலத்தில் இருக்கிறோம், கைப்பிடி இருந்த இடத்தில் அப்பா இடுப்பில் உடுக்கும் சாரம் கட்டியிருக்கிறது, பிடித்தால் அவிழும். பிறகு, ஏறி இறங்க வசதியாக ஒரு படி விட்டு ஒரு படி வார்னிஷ் அடித்தார். நல்ல யோசனைதான். ஆனால் இந்த மழையில், தூசி படும் என்று ஜன்னலையும் பூட்டிவிட்டு அடித்தால் அது எந்த ஜென்மத்தில் காயும்? எது ஈரப்படி என்று அடித்தவரே மறந்துபோய் ஏறினார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. இன்னும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரம் என்று காட்டத் தான் வேண்டுமென்றே வைத்த அடையாளமாம்.

இதையெல்லாம் பொறுத்தேன். அந்த நிறத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. நல்ல தேக்குப் படி, பீற்றூட் அவித்த தண்ணீரில் முக்கி எடுத்தது போல நிற்கிறது. றெஜி அங்கிள் எட்டிப் பார்த்து அப்பாவிடம், "கிருபா, தேர் எத்தனை மணிக்கு வெளிக்கிடுது?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைக்குத் தனியே போய் அந்த டின்னை வாங்கிவந்தது அப்பா. அம்மா அன்றைக்கு வாசல் தாண்டவில்லை. ஆனால் உங்களுக்கு என்ன சொன்னார்? "அக்கா, நான் என்ன செய்ய, அனுஷியாவுக்கு அந்தக் கலர்தான் வேணுமாம்." அம்மாவின் பேரைத்தான் சொன்னார், என் காதால் கேட்டேன். கூத்தடித்தது அவர், ஏச்சு வாங்குவது அம்மாவா? உங்களிலும் எனக்குக் கோபம், மாமி. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? தம்பி சொன்னால் வேதமோ?

ஞாயிற்றுக்கிழமை பெண்வீட்டாருக்கு முன்னால் அம்மாவை ஒன்றும் சொல்லவேண்டாம். ஏசத்தான் வேண்டுமென்றால் அப்பாவை ஏசுங்கள். அவர் பயப்படும் ஒரே ஆள் நீங்கள்தான். நீங்கள் வந்து முதல் படியில் கால் வைத்ததும் அவரைக் கூப்பிட்டு

கதவைத் தட்டுகினம்

பி.கு.: தட்டியது அம்மா. கடிதம் பிடிபட்டுவிட்டது. கடைசி வரி வரைக்கும் நின்றபடியே வாசித்துவிட்டுக் கட்டிலில் இருந்தா. மறுபடியும் முதுகு குலுங்கியது. இந்த முறை முகத்தையும் பார்த்தேன். சிரிக்கிறா.

அப்பா பொய் சொல்லவில்லையாம். கடையிலிருந்து இரண்டு டின்னைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பி, எது என்று கேட்டாராம். "எது கண்ணைக் குத்திச்சோ, அதைத்தான் சொன்னனான்" என்கிறா.

ஆகவே மாமி, அப்பாவைப் பற்றி எழுதியதில் நிறத்தை மட்டும் விட்டுவிடுங்கள். செருப்பு உண்மை. கடிதத்தைக் கிழிக்கவும் வேண்டாம், யாருக்கும் காட்டலாம் என்று அம்மா சொல்லுறா. தன் பேரில் இதையும் எழுதச் சொன்னா:

"மச்சாள், பிழை என்னிலதான். இந்தப் படியில எண்பது பேர் ஏறேலாது. எழுத்தை மண்டபத்தில வையுங்கோ. நான் பட்டுச்சீலை கட்டிக்கொண்டு வந்து முதல் பந்தியில சாப்பிட இருப்பன்."