பெண் பார்க்கப் போன நாற்பது புழுக்கள்

பெண் பார்க்கப் போகிறவர்கள் பூவும் பழமும் கொண்டுபோவார்கள். நான் புழு கொண்டுபோனேன். நாற்பது புழுக்கள், தகர டப்பாவில்.

யுத்தத்துக்கு முந்தைய காலம். விலங்கியலில் பி.ஏ. தேறிவிட்டுத் தென்காசியில் வேலையில்லாமல் இருந்தேன். (ஆராய்ச்சி செய்வதாக ஊரில் சொல்லிக்கொண்டேன்.) ஐந்தருவிப் பக்கம் காட்டெலுமிச்சை இலையில் பொறுக்கிய புழுக்கள் அவை. வீட்டில் விட்டுப்போனால் அம்மா அடுப்பில் போட்டுவிடுவாள் என்று கூடவே எடுத்துக்கொண்டேன். பெண் வீட்டார் புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டக்காரர்கள். யாருக்கும் உறைத்திருக்கும், எனக்கு உறைக்கவில்லை.

"மாப்பிள்ளை என்ன ஆராய்ச்சி பண்ணுதீய?" என்று பெண்ணின் அப்பா மரியாதைக்குக் கேட்டுவைத்தார். அது போதுமே எனக்கு. காற்றில் அடித்துப்போன வண்ணத்துப்பூச்சி ஒரு தீவில் ஒதுங்கும், அதன் சந்ததி அங்கேயே பெருகி, லட்சக்கணக்கான வருஷத்தில் நிறம் மாறி வேறு இனமாகிவிடும், தீவுக்குத் தீவு ஒரு தினுசு என்று முக்கால் மணி நேரம் பேசினேன். எலுமிச்சைப் புழு சின்னதாக இருக்கையில் குருவி எச்சம்போல வேஷம் போட்டுத் தப்பிப்பதையும் விடவில்லை. பெரியவர்கள் கொட்டாவி விட்டார்கள். கதவோரம் நின்ற பெண் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கை கழுவப் புறவாசலுக்குப் போனேன். டப்பாவில் இலை வாடி, புழுக்கள் பட்டினி. எதிரே எலுமிச்சங்கன்றுகள் தளதளவென்று நின்றன. கொஞ்ச நேரம் மேயட்டுமே என்று விட்டேன். ஜன்னலில் யாரோ பார்த்த மாதிரி இருந்தது. அதற்குள், "வண்டி நிக்கி, வாலே" என்று அப்பா கூப்பிட்டுவிட்டார். தென்காசி வந்த பிறகுதான் புழு ஞாபகம் வந்தது. (வெளியே சொல்லத் தைரியம் வரவில்லை.)

எட்டாம் நாள் பெண்ணின் அப்பா வந்தார். கையில் ஒரு கன்று. அதில் ஓர் இலைகூட இல்லை. அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"லட்சம் வருசம் ஆவும்னு சொன்னீய. எங் கன்னு எட்டே நாள்ல மாறிட்டு," என்றார்.

என் அப்பா கன்றையும் என்னையும் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தார். "சம்பந்தம் வேண்டாம்னா நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம், அண்ணாச்சி."

"அதுக்கில்ல. நான் கொல்லத்துக்குக் காய் கொண்டு போயிருந்தேன். இலையில என்னதுன்னு வீட்ல கேட்டதுக்கு, எம் மவ குருவி எச்சம்னு சொல்லியிருக்கா. தெரிஞ்சே சொல்லியிருக்கா." பெருமூச்சு விட்டார். "இதுக ரெண்டையும் வேற வேற எடத்துல கட்டிக் குடுத்தா ரெண்டு குடும்பம்லா கெட்டுப்போவும். அடுத்த மாசமே முடிச்சிருவோம்."

பேரன் பேத்தி எடுத்தாயிற்று. புளியங்குடி விருந்தில் இன்றும் என் இலையில் மட்டும் எலுமிச்சை ஊறுகாய் விழாது. கேட்டால், குருவி எச்சம் என்று சொன்ன அதே முகத்தோடு என் மனைவி சொல்லுவாள்: "ஒங்க பங்க ஒங்க புழு அப்பமே தின்னுட்டுல்லா."