கையைக் கட்டி, வாயைப் பொத்தி

எனக்கு ஐம்பத்தாறு வயது. இதே வயதில்தான் என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார், எழுந்திருக்கவே இல்லை. அதனால் சிதம்பரத்து டாக்டர் "நூத்தி எழுபதுக்கு நூறு" என்றதுமே எனக்கு நானே இரங்கல் கூட்டம் நடத்திவிட்டேன்.

"பிரஷர் பயத்துலயும் ஏறும்" என்றார் டாக்டர். "ஒரு வாரம் வீட்டுல காலையும் சாயங்காலமும் பாத்து எழுதிட்டு வாங்க. காபி குடிச்சு அரைமணி ஆகணும். முதுகு சாய்ஞ்சு, ரெண்டு பாதமும் தரையில, கை நெஞ்சு மட்டத்துல. அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டுப் பாருங்க. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவை. நடுவுல பேசவே கூடாது. இறங்கலன்னா மாத்திரையைக் கூட்டணும்."

பேசக்கூடாது! அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதமாக எங்கள் செம்மண்டலம் வீட்டில் ஒரே பேச்சுதான். மகள் சிந்துஜாவுக்கு ஓசூரில் வேலை. அனுப்ப முடியாது என்பது நான். அனுப்பியே தீருவேன் என்பது என் மனைவி சௌந்தரம்.

திங்கட்கிழமை அவள் "ஓசூர்" என்று ஆரம்பித்தாள். சட்டையைக் கழற்றிவிட்டு, புதிதாக வாங்கின பிரஷர் மிஷினின் பட்டையைக் கையில் சுற்றினேன். அடங்கிவிட்டாள். ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பட்டை ஊதிக் கையை இறுக்கும்போது, எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, சிந்து வேலையில சேர்றேன்னு மெயில் போடப்போறா. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

கண்ணை உருட்டினேன்.

"பேசாதீங்க! ஏறிடும். மாத்திரை ஜாஸ்தியாவும்."

மிஷின் பீப் என்றது. வாயைத் திறந்தேன்.

"ரெண்டாவது தடவை இருக்கு மாமா, அசையாதீங்க. சிந்து! அப்பா ஒண்ணும் சொல்லல, போட்டுடும்மா!"

ரத்த அழுத்தம் எனக்கு, அழுத்தம் அவளுக்கு.

பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினேன். கத்தின கையோடு மறுபடி சுற்றிப் பார்த்தால் நூற்றி எண்பத்தெட்டு! படுக்கையில் கோணின வாயோடு கிடந்த அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அதற்குப் பிறகு நான் கத்தவில்லை.

புதன்கிழமை, பட்டையோடு இருக்கையில் ஹாஸ்டலுக்குச் சம்மதித்தேன். வியாழக்கிழமை பஸ் டிக்கெட்டுக்கு. கையைக் கட்டி வாயைப் பொத்தி என்பார்களே, அது நான்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் சிந்துஜா பையோடு வந்து நின்றாள். பட்டை இறுகிக்கொண்டிருந்தது. குனிந்து, தரையில் பதியாமலிருந்த என் பாதத்தைச் சரியாக வைத்தாள்.

"கோவமாப்பா?"

இல்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

"பேசாதீங்க" என்றாள் சௌந்தரம். இந்தத் தடவை அவள் குரலும் சரியாக இல்லை.

மிஷின் பீப் என்றபோது வாசலில் ஆட்டோ கிளம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் என்னைப் பேசாதீர்கள் என்று சொல்லவில்லை. பேசுவதற்கும் ஒன்றும் பாக்கியில்லை. நூற்றி இருபத்தாறுக்கு எண்பது.

திங்கட்கிழமை சிதம்பரத்தில் டாக்டர் நோட்டைப் புரட்டினார். "பரவாயில்லையே, நல்லா இறங்கியிருக்கு! மாத்திரையைக் கூட்ட வேணாம். இன்னும் ரெண்டு வாரம் இதே மாதிரி பாருங்க."

வெளியே வந்ததும் சௌந்தரம் சொன்னாள்: "நல்லதாப் போச்சு மாமா. நானும் போயி சிந்துகூட ஒரு மாசம் இருந்துட்டு வரவான்னு கேக்கணும். நாளைக்கிக் காலைல பட்டையக் கட்டுனதும் கேக்கறேன்."