நல்லம்பள்ளியில் அமெரிக்கா ஆன ஹெலிகாப்டர்

கோபத்தில் சட்டம் பேசக்கூடாது. பேசினால் பாதிதான் வாயிலிருந்து வரும். கேட்டவர்கள் மீதியை அவர்களாகவே செய்து முடித்துவிடுவார்கள். எனக்கு இதைப் புரியவைக்க ஒரு ஸ்டிக்கரும் ஓர் எருமையும் தேவைப்பட்டன.

அமெரிக்காவில் விமானம் ஓட்டப் படித்து, லைசென்ஸோடு நல்லம்பள்ளிக்குத் திரும்பியிருந்தேன். வந்த வேகத்தில், "இத வெச்சிக்கிட்டு உலகத்துல எங்க வேணாலும் ஓட்டலாம்" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் அளந்தேன். (ஓட்டலாம்தான். எந்த விமானத்தை என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.)

அந்த நேரம் பார்த்து ஊர் மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். பெங்களூரிலிருந்து வாடகை ஹெலிகாப்டர் வந்து கோபுரத்தின் மேல் பூ தூவுவதாக ஏற்பாடு. விழாக்குழுத் தலைவர் என் பெரியப்பா. சேலம் போய்விட்டு பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், எதிரே பேனர். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான். கீழே, 'வானிலிருந்து மலர் தூவ வருகிறார் எங்கள் வீட்டு விமானி'.

நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"யாரக் கேட்டு பேனர் வெச்சீங்க? என்னால அத ஓட்ட முடியாது."

"ஏன், லைசென்ஸ் இருக்குதில்ல?"

"அது அமெரிக்கா லைசென்ஸ். அமெரிக்காவுல பதிவு பண்ணுன விமானம் இங்க வந்து நின்னாலும் நான் ஓட்டலாம். இது நம்ம நாட்டுப் பதிவு. இதுக்கு இங்க பரீட்சை எழுதி வேற லைசென்ஸ் வாங்கணும்."

"நான் தருமபுரி லைசென்ஸ வெச்சிக்கிட்டு கர்நாடகா ஜீப்ப இத்தினி வருசமா ஓட்டறேன். எந்தப் போலீஸ்காரன் கேட்டான்?"

"அதும் இதும் ஒண்ணா? அமெரிக்கா விமானம்னா அதும்மேல N-னு எழுத்து இருக்கும். அந்த எழுத்து இருந்தா ஓட்டறேன். இல்லன்னா ஆள வுடுங்க."

(ஹெலிகாப்டருக்கு லைசென்ஸே தனி, என்னுடையது விமானத்துக்கு மட்டும் என்பதைச் சொல்ல மறந்தேன். கோபத்தில் எதைத்தான் ஒழுங்காகச் சொன்னேன்?)

பெரியப்பா உடனே தலையாட்டினார். அவர் உடனே ஒத்துக்கொண்டால் பயப்பட வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இல்லை. பேனரில் என் மூக்கு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அடுத்த சண்டைக்குப் போய்விட்டேன்.

கும்பாபிஷேகத்தன்று காலை பள்ளிக்கூட மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. ஓட்டி வந்த கேப்டனை, "வூட்ல டிபன் சாப்ட்டு வந்துருங்க சார்" என்று பெரியப்பா அனுப்பிவைத்தார். அவர் பொங்கலை முடித்துக்கொண்டு திரும்பியபோது வாலைச் சுற்றிக் கூட்டம். பேனர் கடைக்காரர் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பதிவு எழுத்துகளை மறைத்துச் சிவப்பில், மஞ்சள் ஓரம் வைத்து, ஒரு பெரிய N ஸ்டிக்கர். அதன் மூலையில் பொடியாக அவர் கடை போன் நம்பர்.

"எழுத்து வந்துருச்சு பாப்பா. ஏறு" என்றார் பெரியப்பா.

"யாரு சொல்லி ஒட்டினது?" என்றார் கேப்டன்.

ஊரே என்னைக் கைகாட்டியது.

"பதிவ மறைச்சிட்டு ஹெலிகாப்டர எடுத்தா என் லைசென்ஸ் போயிரும்மா. இந்த ஸ்டிக்கர் உரிஞ்சு வர்ற வரைக்கும் நான் கிளம்பறதா இல்ல."

குருக்கள் கோபுரம் ஏறும் நேரம் நெருங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் அவரவர் தோட்டத்தில் பறித்துக் கொடுத்த சாமந்தி கூடை கூடையாகக் காத்திருந்தது. பூ விழாவிட்டால் பெரியப்பா அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. நான் ஏணியில் ஏறினேன். தேங்காய் எண்ணெய் தடவி நகத்தால் சுரண்டினேன். "விமானி மேல ஏறிட்டாங்கடோய்" என்று கீழே விசில் பறந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டிக்கர் உரிந்து வந்தது. முழங்கை வரை எண்ணெய் வழிய நின்ற என்னைப் பார்த்துக் கேப்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பின்னாடி உக்காந்து பூவையாவது போடுங்க. நான் சொல்லும்போது போடணும்" என்றார்.

எனக்கே சொல்லித் தருகிறாரா? காற்றைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் படித்தவள் நான். கோபுரத்துக்கு நேர் மேலே வந்ததும் யாரையும் கேட்காமல் ஒரு கூடையைக் கவிழ்த்தேன். காற்று மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய், பக்கத்து வயக்காட்டில் கட்டியிருந்த எருமையின் மேல் கொட்டியது. கூட்டம் கோபுரத்தை விட்டுவிட்டு எருமைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டது. (அடுத்த சுற்றில் அவர் சொன்னபோது போட்டேன். கோபுரமே மஞ்சளானது. அதை இன்றுவரை ஒருவரும் பேசுவதில்லை.)

அப்புறம் பரீட்சைகளை எழுதி இந்திய லைசென்ஸ் வாங்கி, இப்போது பயணிகள் விமானம் ஓட்டுகிறேன். ஊருக்கு நான் இன்னமும் எருமைக்குப் பூப்போட்டவள்தான். எருமைக்காரர் மட்டும் மரியாதையாக இருக்கிறார். அன்றிலிருந்து பால் கூடிவிட்டதாம்.

பெரியப்பா அந்த N-ஐத் தூக்கிப்போடவில்லை. தன் கர்நாடகா ஜீப்பின் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறார். யாராவது சாவி கேட்டால், "இது அமெரிக்கா வண்டி. எங்க பாப்பா மட்டுந்தான் ஓட்டலாம். சட்டம்" என்கிறார். லீவில் ஊருக்குப் போனால் சந்தைக்கும், ஆஸ்பத்திரிக்கும், பாப்பிரெட்டிப்பட்டியில் யார் வீட்டு விசேஷத்துக்கும் நான்தான் டிரைவர். சொன்ன சட்டம் நான் சொன்னது. மறுக்க முடியவில்லை.