பெண் பார்க்க வந்தவர்களும் ஒரு தண்ணீர்ப் பாம்பும்

விலங்கியல் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரே அலறி ஓடும்போது நாங்கள் மட்டும் நின்று விளக்கம் சொல்வோம். அந்த வியாதி எனக்கு முற்றியிருந்த காலத்தில்தான் செந்திலும் அவர் அம்மாவும் பொள்ளாச்சியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

எங்கள் தோட்டம் கேரள எல்லையில், வேலந்தாவளத்துக்குப் பக்கம். "இன்னைக்கு வாயத் தொறந்தீன்னா பாத்துக்க" என்று புடவை கட்டிவிடும்போதே அம்மா மிரட்டியிருந்தார். (முந்தைய மாப்பிள்ளையிடம் தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று சொல்லித் தொலைத்திருந்தேன். ஆள் திரும்பி வரவேயில்லை.)

காபி முடிந்து தென்னந்தோப்பைப் பார்க்கப் போனோம். மோட்டார்த் தொட்டியில் கால் கழுவப் போன செந்திலின் அம்மா, "ஐயோ சாமி, நாகம்!" என்று கத்தினார். தொட்டி விளிம்பில் ஒரு பாம்பு கழுத்தைத் தட்டையாக விரித்துக்கொண்டு நின்றது. அப்பா மண்வெட்டியை ஓங்கிவிட்டார்.

"அடிக்காதீங்கப்பா! தண்ணிப்பாம்புங்க, வெசமே கெடையாது" என்று குறுக்கே பாய்ந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒடம்புல சதுரங்கக் கட்டமாட்டம் இருக்குதுங்களா? கண்ணுக்குக் கீழ ரெண்டு கருப்புக் கோடு. தவள, மீனுதானுங்க சாப்பாடு. பயந்துட்டா நாகமாட்டம் கழுத்த விரிச்சுக் காட்டும், அவ்வளவுதானுங்க" என்றபடியே அதைக் கையில் எடுத்தேன்.

அவ்வளவுதான் இல்லை. விஷம்தான் கிடையாதே தவிர, பல் உண்டு. என் கட்டைவிரலைக் கவ்வியது, விடவே இல்லை. நான் கையை உதற, வாலடியிலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சியது. அழுகிய மீன் தேவலை என்கிற நாற்றம். பாதி என் பட்டுப்புடவையில், மீதி செந்திலின் அம்மா மீது.

"வெசமில்லீங்க, வெசமில்லீங்க" என்று ரத்தம் சொட்டச் சொட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். செந்தில் பொத்தென்று வரப்பில் சாய்ந்தார். (ரத்தம் பார்த்தால் அவருக்கு ஆகாதாம்.) கையைத் தொட்டித் தண்ணீரில் முக்கியதும் பாம்பு பிடியை விட்டது. அதை வாய்க்காலில் விட்டுவிட்டு வந்து, செந்திலைக் கிடத்தியிருந்த காரில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் மலையாளி டாக்டர் நேராகச் செந்திலிடம் போய், "பாம்பு எவிடெயா கடிச்சது?" என்று கேட்டார். நான் பின்னால் நின்று விரலைக் காட்டினேன்.

வரன் போனது என்றே வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். சாயங்காலம் செந்திலின் அம்மாவே போன் செய்தார்.

"ஏனுங்க, அந்தப் பாம்ப என்ன பண்ணுனீங்க?"

"புள்ள வாய்க்கால்ல விட்டுட்டாளுங்க" என்றார் அம்மா, அழாத குறையாக.

"கடிச்சுத் தொங்குறப்பக்கூட அத ஒரு அடி அடிக்கலீங்களே. என்ற பையனக் கட்டி மேய்க்க அந்தப் பொறுமைதானுங்க வேணும்."

இன்றும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் மாமியார் என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "பொண்ணு பாக்கப் போனமுங்க, பாம்பக் காட்டுனாங்க. கடி வாங்குனது இவ, மயங்கி விழுந்தது என்ற பையன்."

அந்த இடம் வரும்போது செந்தில் எழுந்து, பந்தியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவார்.