கண் கூசாமைச் சான்றிதழ்

சாலையில் எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாது என்பதில் எங்கள் அரசாங்கத்துக்கு இருக்கிற அக்கறை வேறு யாருக்கும் கிடையாது. அதற்கென்றே ஓர் அலுவலகம், அதில் ஓர் அலுவலர், அவருக்கு ஒரு நாற்காலி என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நானும் அக்கறையுள்ள ஆள்தான். பதினாறு வருஷமாகச் சொந்த லாரி ஓட்டுகிறேன். இந்த இரண்டு அக்கறையும் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டதில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் லாரியின் ஹெட்லைட் பழசு. எரிகிறதா இல்லையா என்று இறங்கிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு மாதம் முன்பு சாலையோரம் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் மேல் வண்டியை ஏற்றிவிட்டேன். அதே வாரம் என் வீட்டுக்காரிக்கும் விபத்து. பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை அவளுக்கு. ஆறரைக்கு ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரில் வருவாள். மதகு வளைவில் எதிரே வந்த ஏதோ ஒரு லாரியின் வெளிச்சத்தில் கண் இருட்டிப்போய், வண்டியோடு வாய்க்காலில் இறங்கிவிட்டாள். முட்டியில் நாலு தையல்.

கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு அவள் சொன்னாள்: "பல்ப மாத்துங்க, வேண்டாங்கல. ஆனா நம்ம வண்டியால இன்னொருத்தி வாய்க்கால்ல விழக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேணும்."

சரி என்றேன். வாக்குக் கொடுத்த மாதிரிதான்.

இப்போது லாரிக்காரர்கள் மத்தியில் ஒரு மோகம் வந்திருக்கிறது. எவன் வண்டியைப் பார்த்து எதிராளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறானோ அவனுக்குத்தான் மரியாதை. எங்கள் ஷெட்டில் சூரியன் என்று ஒருத்தன். அது வீட்டில் வைத்த பேர் இல்லை, முன்பக்கம் எட்டு விளக்கு மாட்டிய பிறகு வந்தது. எதிரே வண்டி வந்தால் டிம் பண்ணுவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். அவன் போட்டிருக்கிற பல்பையே எனக்கும் போடச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். அவர் வாயைத் திறந்தால் திட்டு, கையை வைத்தால் வேலை சுத்தம். அந்தப் பல்பு என் விளக்குக் கூட்டுக்குப் பொருந்தாது, வெளிச்சம் கண்டபடி சிதறி ஊரான் கண்ணைத்தான் குத்தும், ரோட்டில் ஒன்றும் விழாது என்று அரை மணி நேரம் என்னைத் திட்டினார். பிறகு மங்கிப்போன கண்ணாடியையும் ரிஃப்ளெக்டரையும் மாற்றி, கூட்டுக்கேற்ற நல்ல பல்பாகப் போட்டு, ஒயரையும் புதுசாக இழுத்தார்.

அதோடு விட்டாரா? பாரம் ஏற்றிக்கொண்டு வா என்றார். சுமை ஏறினால் லாரி பின்னால் உட்கார்ந்து மூக்கைத் தூக்கும், விளக்கும் அண்ணாந்து பார்க்கும், காலி வண்டியில் சரிபார்ப்பவன் முட்டாள் என்பது அவர் கொள்கை. சிமெண்ட் மூட்டையோடு போய் நின்றேன். சுவரில் விளக்கின் உயரத்துக்குச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோட்டுக்குக் கீழேயே நிற்கும்படி ஸ்க்ரூவைத் திருகித் திருகி வைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் ரோட்டில் கிடந்த ஆணிகூட எனக்குத் தெரிந்தது. எதிரே வந்த ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் பல்பு மாற்றினால் பதினைந்து நாளுக்குள் கண் கூசாமைச் சான்றிதழ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது என்று விதி. ஆய்வு நேரம் காலை பதினொன்று முதல் மாலை மூன்று வரை. வெயிலில் எப்படி சார் தெரியும் என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். இருட்டில் ஆய்வு செய்தால் அலுவலருக்குக் கண் கூசும், அது ஊழியர் நலனுக்கு விரோதம் என்றார். நியாயம்தான்.

வெட்டவெளியில், நட்டநடு மத்தியானத்தில், நாற்காலியில் அலுவலர் வீற்றிருந்தார். வெயிலுக்காகத் துறையே வழங்கிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். எனக்கு முன்னால் சூரியன் நின்றிருந்தான். எட்டு விளக்கையும் போட்டான். அலுவலர் நிதானமாகப் பார்த்து, 'மேற்படி வாகனத்தின் ஒளி முகத்தில் விழுந்தது. கண் கூசவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து என் வண்டி. விளக்கைப் போட்டேன். அலுவலர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"என்னப்பா, தரையில விழுது?"

"அங்கதான் சார் விழணும். எதிர்ல வர்றவங்க முகத்துல விழக் கூடாதுல்ல?"

அவர் படிவத்தை என் பக்கம் திருப்பினார். முதல் கேள்வி, ஒளி அலுவலரின் முகத்தில் விழுந்ததா? இரண்டாவது, கண் கூசியதா? முதல் கேள்விக்கு ஆம் என்று இல்லாமல் இரண்டாவதற்குப் போக வழியில்லை.

"விழலேன்னா எப்படி சார் கூசும்?"

"விழாம கூசலேன்னா அதுல உன் வண்டிக்கு என்னப்பா பெருமை? விழுந்தும் கூசக் கூடாது. அதுக்குப் பேருதான் தரம்."

பதினைந்தாவது நாள் அது. எனக்குத் தைரியம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஸ்க்ரூவைத் திருகினேன். வெளிச்சம் அவர் முட்டிக்கு வந்தது, தொப்பைக்கு வந்தது, கறுப்புக் கண்ணாடியில் வந்து நின்றது. ஆகா, இப்போது சரி என்றார். குமாஸ்தா வந்து ஸ்க்ரூ மேல் ஈய முத்திரை வைத்தார். முத்திரையை உடைத்தால் லைசென்ஸ் போய்விடும். எலக்ட்ரீஷியனிடம் ஓடினேன். முத்திரையைப் பார்த்தவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் திட்டாமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மாலை ஏழு ஐந்துக்கு மதகு வளைவில் வந்தேன். எதிரே ஒரு ஸ்கூட்டர் சட்டென்று ஓரமாக ஒதுங்கியது. பரவாயில்லை, வழிவிடத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

லோடு இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரி காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சேலை முழுக்கச் சேறு. முட்டித் தையல் போட்ட இடத்தில் மறுபடியும் ரத்தம்.

"அதே வளைவுதாங்க. ஏழு மணி சுமாருக்கு. எவனோ ஒரு பாவி, கண்ணு அவிஞ்சு போற மாதிரி அடிச்சுட்டுப் போறான். லாரின்னுதான் தெரிஞ்சுது, முகத்தைப் பாக்க முடியல. பாத்திருந்தா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன்."

என் நாக்கு ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தது. "யாரோ படுபாவி" என்று மட்டும் சொன்னேன்.

அவள் பையிலிருந்து ஒரு பல்பை எடுத்து என் கையில் வைத்தாள். கடையில் இருந்ததிலேயே பெரிய வெளிச்சமாம், வீட்டுக்கு வருகிற வழியில் நின்று வாங்கியிருக்கிறாள். இனி நானும் அடிக்கிறேன், அவனும் விழட்டும் என்றாள். இன்னொருத்தி விழக் கூடாது என்று சொன்ன அதே வாய்.

மறுநாள் காலையில் அந்தப் பல்பை ஸ்கூட்டரில் மாட்டினேன். மத்தியானம் அவள் கம்பெனியில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் வாங்க, அவளையும் ஸ்கூட்டரையும் ஆய்வுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெளிச்சம் அலுவலரின் சட்டைப் பித்தான் வரைக்கும்தான் எட்டியது. அவர் வாயைத் திறப்பதற்குள் நானே மண்டிபோட்டு உட்கார்ந்து ஸ்க்ரூவைத் திருகினேன். முகத்துக்கு வந்துவிட்டதா சார் என்றும் கேட்டேன். விதி தெரிந்த ஆளாக இருக்கிறாயே என்று தட்டிக்கொடுத்தார்.

அன்று மாலை ஏழு ஐந்து, மதகு வளைவு. எதிரே ஒரே ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு ரோடு தெரியவில்லை, வாய்க்கால் தெரியவில்லை, வருவது யாரென்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். அந்த வெளிச்சமும் நின்றது. யார் பக்கம் வாய்க்கால், யார் பக்கம் சாலை என்று தெரியாமல் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். இரண்டு பேரிடமும் கண் கூசவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் பத்திரமாக இருந்தது.