மேடைக்கு உப்பு

"அப்பா, மழை மேலதானே பெய்யுது? அடியில இருக்கிற கட்டை ஏன் முதல்ல அழுகிப் போவுது?"

ஏழு வயதுப் பட்டம்மாள் கேட்ட இந்தக் கேள்விக்கு அவள் அப்பா, தச்சர் கன்னியப்பன், அங்கேயே பதில் சொல்லிவிட்டார். "மேல் பலகை வெயில்ல காஞ்சிடும்மா. அதுக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவுல தங்கற தண்ணி எங்க போவும்?"

ஆனால் அறிவு இவ்வளவு மலிவாகக் கிடைப்பது ஊருக்குக் கௌரவமில்லை. ஆகவே மனித குலம் என்றென்றும் நன்றி பாராட்ட வேண்டிய ஆம்பூர் ‘மேடைப் பாதுகாப்புக் கமிட்டி’ 1912ஆம் வருஷம் ஐப்பசி மாதம் உதயமாயிற்று.

மேடை என்பது தர்ம வைத்தியசாலை வாசலில், நோயாளிகள் சேற்றில் நிற்காதிருக்கப் போட்ட மரத்தளம். பாலாற்றுப் பக்கம் சரிவு; அங்கே ஆள் உயரத்துக்கு நின்றது. கமிட்டியில் ஐந்து பேர், ஐவரும் தோல் மண்டி முதலாளிகள். அழுகலைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"தோல் அழுகாம இருக்க இன்னா செய்றோம்?" என்றார் தலைவர் துரைசாமி முதலியார்.

"உப்பு போடறோம்" என்றார் அப்துல் வஹாப் சாயபு.

"அப்ப மரத்துக்கும் உப்பு!"

கன்னியப்பன் கைகட்டி நின்றபடி சொன்னார்: "ஐயா, உப்பு ஈரத்தை இழுக்குங்க."

"இருபது வருஷமா உப்பு போடறேன். ஒரு தோல் அழுகிச்சா?"

"தோலை மழையில வெக்க மாட்டீங்களே ஐயா."

"தச்சர் குறுக்கிட்டார்னு குறிப்புல எழுதிக்கோ" என்றார் தலைவர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மூன்று மூட்டை உப்பைக் கரைத்து ஊற்றினார்கள். ஊர் ஆடுகளெல்லாம் வந்து மேடையை நக்கி நக்கித் தங்கள் ஆதரவைத் தெரிவித்தன. பின்னாளில் அதே மண்டிகளுக்கு வந்து சேரவேண்டிய ஆடுகள்தாம். இருந்தும் மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் கன்னியப்பன் ஆற்றோரச் சட்டத்தை உளியால் குத்திப் பார்த்தார். வாழைத்தண்டில் போவதுபோல் உளி உள்ளே போயிற்று. முதலியாரிடம் ஓடினார்.

"அழுகிப் போச்சா? எப்படி அழுகும்? தீர்மானம் போட்டாச்சே!" என்றார் முதலியார், உண்மையான வருத்தத்தோடு.

செவ்வாய்தோறும் வைத்தியரைப் பார்க்க வரும் கெங்கம்மாள் மேடையின் அந்த ஆற்றோரத்தில்தான் நிற்பாள். தோல் ஷாப்பில் வேலை, இப்போது நிறைமாசம். பட்டம்மாள் பிறந்த ஒன்பதாம் நாள் தாயை இழந்தபோது, தன் கைக்குழந்தைக்கு ஒரு பக்கம், இவளுக்கு ஒரு பக்கம் என்று பால் கொடுத்தவள் அவள். அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, கன்னியப்பனுக்கும் பேச வந்ததில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கமிட்டி போட்டோ பிடித்துக்கொள்ளப் போயிற்று. ஊரே வேடிக்கை பார்க்கப் போயிற்று. வைத்தியசாலை பூட்டியிருந்தது. கன்னியப்பன் ஆற்றோரப் பலகைகளைப் பெயர்த்தார். மூன்று சட்டங்களை எடுத்துவிட்டுப் புதிது போட்டார். மண்டிகள் வெட்டியெறிந்த தோல் துண்டுகளைப் புங்க எண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொரு சட்டத்தின் முதுகிலும் இரு பக்கமும் வழியும்படி போர்த்தி, மேலே பலகையை அடித்தார். பலகைக்குப் பலகை விரற்கடை இடைவெளி விட்டார். பழைய சட்டங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாகப் போய்விட்டார்.

மறுநாள் மேடை வாசலில் கல் நட்டிருந்தார்கள்: ‘உப்பினால் காக்கப்பட்டது. கமிட்டியாரின் உபயம்.’

கெங்கம்மாள் ஆற்றோரத்தில் வந்து நின்றாள். காலால் ஒரு தடவை தட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, போன வாரம் ஆடிக்கினு இருந்துச்சு, இப்ப கல்லு மாதிரி கீதே?"

"உப்பும்மா" என்றார் கன்னியப்பன்.

"அந்தக் கமிட்டிக்காரங்க நல்லா இருக்கணும்."

"நல்லாத்தாம்மா இருப்பாங்க. ஒருத்தரும் இதுமேல ஏறி நின்னதில்லையே."