மர்ராடூனில் ஓய்வெடுத்த விதம்

விடுமுறை என்பது, மனிதன் வேலை செய்யாமல் இருப்பதற்கு அரசாங்கம் அனுமதி தரும் நாள். இதில் ஆஸ்திரேலியாவில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எதற்காக அந்த அனுமதி என்று கேட்டால்தான் தகராறு. எங்களுக்கும் ராஜாவான இங்கிலாந்து ராஜாவின் பிறந்த நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா பிறந்தது ஒரு மாதம். நாங்கள் லீவு விடுவது வேறொரு மாதம். பக்கத்து மாநிலத்தார் லீவு விடுவது இன்னொரு மாதம். ராஜாவே இதைப் பற்றி வாய் திறக்காதபோது நாங்கள் ஏன் திறக்க வேண்டும்?

எங்கள் ஊரான மர்ராடூனுக்குச் சொந்தமாகவே ஒரு விடுமுறை உண்டு. தலைநகரத்தார் குதிரைப் பந்தயத்துக்கு லீவு விடும்போது, நாங்கள் அது வேண்டாம் என்று தள்ளிவிட்டு, எங்கள் விவசாயக் கண்காட்சிக்காக வேறொரு நாள் லீவு விட்டுக்கொள்வோம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. குறை ஒன்றுதான். கண்காட்சி நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. கடைசியாக நடந்தபோது பூசணிக்காய்ப் போட்டிக்கு ஒரே ஒரு பூசணிக்காய் வந்தது. நடுவர்கள் அதற்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அதுவும் வரவில்லை.

ஆனால் லீவு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இந்த நிலையில்தான் மாநில அமைச்சர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஊர்கள் தனியாக விட்டுக்கொள்ளும் விடுமுறைகள் 'பொருளுணர்ந்து அனுசரிக்கப்படுகின்றனவா' என்று பரிசோதிக்கப்படும். அனுசரிக்காத ஊர்கள் தலைநகரத்தோடு சேர்ந்து குதிரைப் பந்தய லீவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எப்படியும் ஒரு நாள் லீவு உண்டு. இருந்தாலும் ஊர் கொதித்தது. யாரோ ஒருவருடைய குதிரைக்காக நாங்கள் எதற்குச் சும்மா இருக்க வேண்டும்? எங்கள் சொந்தக் காரணத்துக்காக அல்லவா சும்மா இருக்க வேண்டும்?

நகரசபை அவசரமாகக் கூடியது. மேயர் கிரஹாம் பெட்டிஃபர் மாட்டுத் தீவன வியாபாரி, நல்ல மனிதர். பக்கத்தில் தலைமை நிர்வாகி ஃபெலிசிட்டி ஆர்ட். அவள் நகரத்திலிருந்து புதிதாக வந்தவள். ஒட்டும் வண்ணக் காகிதங்கள் இல்லாமல் எந்த முடிவும் எடுக்க மாட்டாள்.

"நாம ஒரு பயணம் போகப் போறோம்," என்றாள் ஃபெலிசிட்டி.

"எங்கேம்மா? பஸ்ஸுக்குச் சொல்லணுமா?" என்றார் மேயர்.

"இது அர்த்தத்தைத் தேடற பயணம், கிரஹாம். இந்த ரூமிலேயே உட்கார்ந்துக்கிட்டுப் போகலாம்."

கவுன்சிலர் டெனீஸ் கூபர் கையைத் தூக்கினாள். அவளுடைய இனத்தார் இந்த மண்ணின் பூர்வகுடிகள், மர்ராடூனுக்கு மர்ராடூன் என்று பெயர் வைத்தவர்கள். அதாவது நகரசபைக்கு ரொம்ப முன்னால் வந்தவர்கள்.

"ஒண்ணு கேக்கலாமா? வெள்ளைக்காரங்க இங்க வந்து இறங்கின நாளுன்னு ஜனவரி கடைசியில ஒரு லீவு வருதே, அதுக்கு அர்த்தம் இருக்கு. எங்க ஜனங்ககிட்ட வந்து கேளுங்க, விவரமாவே சொல்லுவாங்க. அர்த்தம் இருக்கிற லீவைப் பத்திப் பேச்செடுத்தா எல்லாருக்கும் காது அடைச்சுக்குது. அர்த்தமே இல்லாத லீவுக்குக் கூட்டம் போட்டுத் தேடறீங்க."

மேயர் கடிகாரத்தைப் பார்த்தார். இது மிக முக்கியமான விஷயம் என்றும், அதனாலேயே இன்றைய கூட்டத்தில் இதற்கு இடமில்லை என்றும் சொல்லி, டீ இடைவேளை விட்டார்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு தீர்மானம் நிறைவேறியது. 'பொது விடுமுறைப் பொருளுணர்வு மற்றும் அனுசரிப்பு அலுவலர்' என்று ஒரு பதவி உருவாயிற்று. அதற்கு ட்ரெவர் மேடாக் நியமிக்கப்பட்டான். அதுவரை அவன் ஊரில் தெருநாய் பிடித்துக்கொண்டிருந்தான். வண்டி ஏற்கெனவே அவனிடம் இருந்தது, அதுதான் அவனுடைய தகுதி.

ட்ரெவர் மனைவி கோரல் கடைத்தெருவில் பேக்கரி வைத்திருப்பவள். விடியுமுன் எழுந்து ரொட்டி சுடுகிறவள். வருஷத்தில் ஒரு நாள், கண்காட்சி நாளில் மட்டும், கடையை மூடிவிட்டுப் புருஷனோடு ஏரிக்குப் போவாள். தகரப் படகில் ஆளுக்கொரு மூலையில் படுத்துக்கொள்வார்கள். தூண்டில் போடுவார்கள். மீன் வந்தால் அதற்கே சங்கடப்படுவார்கள்.

"பெரிய பதவி கொடுத்திருக்காங்க, கோரல்," என்றான் ட்ரெவர்.

"சரி. அன்னைக்கு ஏரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?"

"அன்னைக்குத்தான் எனக்கு டியூட்டியே."

கோரல் கையிலிருந்த மாவைப் பலகையில் ஓங்கி அறைந்தாள். "வருஷம் பூரா நாய் பின்னாடி ஓடற. ஒரு நாள் என்கூட இருப்ப. இப்ப அதையும் பிடுங்கிக்கிட்டாங்க. நீயும் சிரிச்சுக்கிட்டு வந்து நிக்கிற!"

"லீவைக் காப்பாத்தத்தான், செல்லம்."

"யாரு லீவை?"

ட்ரெவர் வண்டிச் சாவியை எடுத்தான். அவன் கள ஆய்வுக்குக் கிளம்பினான்.

முதலில் மெக்கானிக் நெவில் காரேஜ். நெவில் ஒரு காருக்கு அடியில் கிடந்தான்.

"நெவில், கண்காட்சி நாள்னா உனக்கு என்ன அர்த்தம்?"

"படுத்துக்கிடக்கிறது."

"இப்பவும் படுத்துத்தானே கிடக்கிற?"

"மாப்ளே, இதுக்கு நான் பில் போடுவேன். அதுக்குப் போட மாட்டேன். அதான் வித்தியாசம்."

மதுக்கடையில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒருவன் புல் வெட்டுவானாம். ஒருவன் புல் வெட்டுவதாகப் பெண்டாட்டியிடம் சொல்வானாம். எல்லாவற்றையும் ட்ரெவர் நேர்மையாக எழுதிக் கொடுத்தான். ஃபெலிசிட்டி அவற்றை வண்ணக் காகிதங்களில் ஒட்டி, சுவர் முழுக்கப் பரப்பி, வெளியூரிலிருந்து ஓர் ஆலோசகரையும் வரவழைத்து, கண்காட்சி நாளின் பொருளைக் கண்டுபிடித்தாள். அது 'சமூகம் ஒன்றுகூடி இளைப்பாறுதல்.'

"அதாவது, சும்மா இருக்கிறது," என்றார் மேயர்.

"சேர்ந்து சும்மா இருக்கிறது," என்று ஃபெலிசிட்டி திருத்தினாள்.

இதுவரை எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சும்மா இருப்பதை அனுசரிக்க வேண்டுமானால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவன் ஓய்வெடுத்தால் அரசாங்கம் எப்படி நம்பும்? ஆகவே ஊரார் அனைவரும் ஃபுட்பால் மைதானத்துக்கு வந்து இளைப்பாற வேண்டும் என்று உத்தரவாயிற்று. மைதானம் நகரசபைக்குச் சொந்தம் என்பதால் காப்பீட்டுக் கம்பெனி குறுக்கே வந்தது. புல்லில் படுத்தால் பாம்பு வரலாம். வெயிலில் தோல் உரியலாம். மாக்பை பறவை மண்டையில் கொத்தலாம். எனவே இளைப்பாறுகிறவர்கள் அனைவரும் ஒளிரும் மஞ்சள் சட்டையும் தொப்பியும் அணிய வேண்டும். படுப்பது எப்படி என்ற பாதுகாப்பு வகுப்புக்கு முன்கூட்டியே வர வேண்டும். வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. வேலை நாளில் வைத்தால் லீவு போட வேண்டியிருக்கும் அல்லவா?

அடுத்தது சாப்பாடு. ஊரே படுத்திருந்தால் அடுப்பில் சாசேஜ் இறைச்சியை யார் திருப்பிப் போடுவது? அதற்கு ஆட்கள். கழிவறைக்கு ஆட்கள். வண்டிகளை நிறுத்த ஆட்கள். ரொட்டிக்குக் கோரல். கணக்குப் பார்த்தால், பாதி ஊர் இளைப்பாறுவதற்கு மீதிப் பாதி உழைக்க வேண்டியிருந்தது. விடுமுறை நாளில் வேலை செய்தால் இரண்டரைப் பங்குச் சம்பளம் என்பதால், இளைப்பாறும் பாதியில் இருக்க யாருக்கும் மனமில்லை. கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சீட்டு விழுந்தவர்கள் துக்கத்தோடு ஓய்வெடுக்கச் சம்மதித்தார்கள்.

அந்த நாள் வந்தது. தலைநகரத்திலிருந்து பரிசோதகர் ஆலிஸ்டர் க்வென்பி வந்தார். சட்டைப் பித்தான்களைக் கழுத்துவரை போட்டவர். மைதானத்தில் நாங்கள் மஞ்சள் சட்டையோடு வரிசை வரிசையாக மல்லாந்து கிடந்தோம். ஒலிபெருக்கியில் ஃபெலிசிட்டி, "தோள்களைத் தளர்த்துங்க, நெவில், நீங்களும்தான்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேயர் நடுவில் படுத்தபடியே வரவேற்புரை வாசித்தார். காற்றில் தாள் பறந்தது. பிடிக்க எழுந்தவரைப் பாதுகாப்பு அலுவலர் மறுபடி படுக்க வைத்தார்.

பரிசோதகர் ரொட்டி மேஜைக்கு வந்தார். "இந்த நாள் உங்களுக்கு என்ன சொல்லுது, மேடம்?"

"வெண்ணெய் தடவணுமா வேண்டாமான்னு கேக்கச் சொல்லுது," என்றாள் கோரல். "தடவணுமா?"

"இளைப்பாறலையா நீங்க?"

"ஐயா, நான் இளைப்பாற ஒரு ஏரி இருக்கு. எனக்குன்னு ஒரு புருஷனும் இருந்தான். அவனை உங்க ஆளுங்க அதிகாரி ஆக்கிட்டாங்க. காலையிலேர்ந்து கண்ணுல படல. நீங்க பாத்தா அனுப்பி வைங்க."

பரிசோதகர் உண்மையாகவே தேடிப் போனார். அனுசரிப்பு அலுவலரின் கையெழுத்து அவருக்குத் தேவைப்பட்டது. மைதானத்தின் கோடியில், யூகலிப்டஸ் மரத்தடியில், ட்ரெவர் கிடந்தான். மூன்று வாரமாக ஊரை ஓய்வெடுக்க வைக்க இராப்பகலாக ஓடியவன். தொப்பி முகத்தின் மேல் இருந்தது. மஞ்சள் சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தான். குறட்டைச் சத்தத்துக்கு மாக்பை கூடக் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் ஓடிவந்தோம்.

"டியூட்டியில தூங்கறான்!" என்று ஃபெலிசிட்டி கிசுகிசுத்தாள். "எழுப்புங்க!"

"எழுப்பாதீங்க," என்றார் பரிசோதகர். வெகுநேரம் நின்று பார்த்தார். அவர் முகத்தில் பொறாமை போல ஏதோ ஒன்று தெரிந்தது.

முடிவு ஒரு மாதத்தில் வந்தது. மர்ராடூனில் மேற்படி விடுமுறையைப் பொருளுணர்ந்து அனுசரித்தவர் ஒரே ஒருவர் என்று நிரூபணமாகியிருப்பதால், இனி கண்காட்சி நாள் திரு. ட்ரெவர் மேடாக் அவர்களுக்கு மட்டும் விடுமுறை. மற்றவர்களும் அதைப் பெற விரும்பினால், தாங்கள் ஓய்வெடுத்ததாகத் தகுதி பெற்ற 'ஓய்வுச் சாட்சி அலுவலர்' ஒருவரிடம் சான்று பெற வேண்டும். அதுவரை குதிரைதான்.

ட்ரெவர் அன்றே பதவியை ராஜினாமா செய்துவிட்டு நாய் பிடிக்கத் திரும்பினான். "நாய்ங்க பரவால்ல. அதுங்களுக்குப் படுக்கக் கத்துக்கொடுக்க வேண்டியதில்ல," என்றான்.

ஊர் விடவில்லை. சாட்சி அலுவலர் பதவிக்கு விளம்பரம் வந்தது. ஒரு வாரப் பயிற்சி. அந்த ஒரு நாள் வேலை. இரண்டரைப் பங்குச் சம்பளம். நெவில் விண்ணப்பித்தான். மதுக்கடை முழுவதும் விண்ணப்பித்தது. மேயர் விண்ணப்பித்தார். ஊர் லீவைக் காப்பாற்ற வேண்டும் என்ற பொதுநலத்தால் நாங்கள் அத்தனை பேரும் விண்ணப்பித்தோம். டெனீஸ் மட்டும் சிரித்துவிட்டு, அந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். யாரையும் பாரபட்சமாக ஒதுக்கக்கூடாது என்று ஃபெலிசிட்டி எல்லோரையுமே தேர்ந்தெடுத்தாள்.

அடுத்த கண்காட்சி நாள் காலை, ஊரே சீருடையில் மைதானத்தில் கூடி நின்றது. சாட்சி சொல்ல நாங்கள் இருந்தோம். ஓய்வெடுக்கத்தான் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் நெவிலுக்கு ஞாபகம் வந்தது. "பேக்கரி பூட்டியிருக்கே?"

அத்தனை பேரும் வண்டிகளில் ஏறி ஏரிக்குப் போனோம். கரையோரமாக வரிசையில் நின்றோம். நடுத் தண்ணீரில் தகரப் படகு. இந்த மூலையில் ட்ரெவர், அந்த மூலையில் கோரல். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி சத்தம் போடாமல் கவனித்தோம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கோரல் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னய்யா எல்லாரும் இங்க வந்து நிக்கிறீங்க? உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

இதுதான் வேலை என்று மேயர் பணிவோடு தெரிவித்தார். ஏரியைப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் ஓய்வாகப் படுக்கும்படி கேட்டுக்கொண்டார்.